பெயர் ஒன்று, கணக்கு இன்னொருவருடையது: காப்புறுதிக் கோரிக்கை அறிக்கையில் பிழை வந்தால் என்ன செய்யலாம்?

கடையில் கடன் கொப்பி வைத்திருக்கும் எவருக்கும் இந்த விஷயம் தெரியும். ஒரே பெயரில் மூன்று வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். ஒருவர் வாங்கிய அரிசி மூட்டை மற்றவருடைய பக்கத்தில் எழுதப்பட்டுவிடும். மாத முடிவில் காசு கேட்கும்போதுதான் சண்டை வரும். "நான் வாங்கவே இல்லையே" என்று அவர் சொல்வார். நல்ல கடைக்காரர் கொப்பியைத் திறந்து காட்டுவார், திகதியைப் பார்ப்பார், சிட்டையைத் தேடுவார், பிழையென்றால் அந்த இடத்திலேயே வெட்டிவிடுவார். கொப்பியை மூடி வைத்துக்கொண்டு "எழுதியது எழுதியதுதான்" என்று சொல்பவரிடம் மறுபடி எவரும் போக மாட்டார்கள்.

இதே கொப்பியை ஒரு நாடு முழுவதற்குமாக ஒரு கம்பனி எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதனிடம் எதுவும் வாங்கவில்லை. அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அது எழுதி வைத்திருப்பதைப் பார்த்துத்தான் உங்கள் வீட்டுக்கும் வாகனத்துக்கும் காப்புறுதி தருவதா இல்லையா, தந்தால் எவ்வளவு கட்டணம் என்பது முடிவாகிறது. ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை இதுதான். அங்கே பிள்ளைகளையும் உடன்பிறப்புகளையும் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உள்ளன. வீடு வாங்குகிறார்கள், கார் வாங்குகிறார்கள், சிறு கடைகளும் நடத்துகிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்பதற்காகவும், இங்குள்ள நாமும் படிக்க வேண்டிய பாடம் இதில் இருப்பதாலும் இவ்வாரம் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கொப்பி எது?

அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்கள் தம்மிடம் வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளின் விபரங்களை ஒரு பொதுவான தரவுத்தொகுதிக்கு அனுப்புகின்றன. இதில் பிரதானமானது ‘குளூ’ என்று சுருக்கமாக அழைக்கப்படுவது. இதனை லெக்சிஸ்நெக்சிஸ் ரிஸ்க் சொலூஷன்ஸ் என்ற நிறுவனம் நடத்துகிறது. முன்பு இது சொய்ஸ்பொயின்ட் என்ற கம்பனியிடம் இருந்தது. 2008 ஆம் ஆண்டில் ரீட் எல்சவியர் குழுமம் அக்கம்பனியை வாங்கியது. வெரிஸ்க் என்ற இன்னொரு நிறுவனமும் ‘ஏ-பிளஸ்’ என்ற பெயரில் இதேபோன்ற அறிக்கையை வைத்திருக்கிறது.

குளூவில் இரண்டு அறிக்கைகள் உண்டு. ஒன்று வாகனத்துக்கு, மற்றது வீட்டுக்கும் வீட்டுப் பொருட்களுக்கும். ஏழு வருடங்கள் வரையான கோரிக்கைகள் அவற்றில் இருக்கும். பெயர், பிறந்த திகதி, காப்புறுதி நிறுவனம், பொலிசி இலக்கம், இழப்பு நடந்த திகதி, இழப்பின் வகை (தீயா, தண்ணீரா, திருட்டா, விபத்தா), கொடுக்கப்பட்ட தொகை, வீட்டு விலாசம் அல்லது வாகன விபரம் ஆகியன ஒவ்வொரு பதிவிலும் இருக்கும்.

புதிதாக ஒருவர் காப்புறுதி கேட்டு வந்தால் நிறுவனம் இந்த அறிக்கையை எடுத்துப் பார்க்கும். ஏற்கெனவே பல கோரிக்கைகள் இருந்தால் கட்டணத்தைக் கூட்டும், அல்லது மறுத்துவிடும். அங்கே வங்கிக் கடனில் வீடு வாங்குபவருக்கு வீட்டுக் காப்புறுதி இல்லாமல் வங்கி பணம் விடுவிக்காது. ஆகவே அறிக்கையில் உள்ள ஒரு பிழையான வரி, வீடு வாங்கும் காரியத்தையே கடைசி வாரத்தில் நிறுத்திவிடக் கூடியது.

பிழைகள் எப்படி நுழைகின்றன?

கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. வகைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஆள் மாறுதல். பெயர் ஒத்துப்போகும் இன்னொருவருடைய கோரிக்கை உங்கள் கணக்கில் ஏறுவது.

இரண்டாவது, வீடு மாறுதல். வீட்டு அறிக்கையில் விலாசத்தின் வழியாகவும் தேடப்படுவதால், முன்னைய உரிமையாளர் காலத்தில் நடந்த நீர்க்கசிவு அல்லது தீ விபத்து அந்த வீட்டின் வரலாறாக வரும். அது பிழையல்ல. ஆனால் அது உங்களுடைய கோரிக்கை போன்று பதியப்பட்டிருந்தால் அது பிழை.

மூன்றாவது, விசாரித்ததைக் கோரிக்கையாக எழுதுவது. "இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்குமா?" என்று தொலைபேசியில் கேட்டதை வைத்தே ஒரு கோவை திறக்கப்பட்டு, பிறகு பணம் எதுவும் கொடுக்காமல் மூடப்பட்டிருக்கும். அறிக்கையில் தொகை பூச்சியம் என்று இருந்தாலும் ஒரு பதிவாக அது நிற்கும்.

நான்காவது, இரட்டைப் பதிவு. ஒரே விபத்து இரண்டு தடவை எழுதப்பட்டிருப்பது.

ஐந்தாவது, தொகையிலும் வகையிலும் வரும் பிழை. எதிர்த்தரப்பிடமிருந்து உங்கள் நிறுவனம் பணத்தை மீட்டிருக்கும். அதைப் பதிவில் சேர்த்திருக்காது. அல்லது பிழை மற்றைய சாரதியுடையதாக இருக்க, உங்களுடையது என்று குறித்திருப்பார்கள்.

நமது பெயர்களுக்குள்ள தனியான சிக்கல்

பெயரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மவர்களின் பெயரில் ‘மொஹமட்’ என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதம். வாப்பாவின் பெயர் முன்னால் வரும். அதை அங்குள்ள கணனி குடும்பப் பெயரா, சொந்தப் பெயரா என்று தடுமாறி எடுத்துக்கொள்ளும். எழுத்து மாறினாலும் பெயர் ஒத்துவிடுகிறது. எழுத்து ஒத்துவிட்டாலோ ஆள் வேறாக இருக்கிறார்.

பெயரை மட்டும் பார்த்து ஆளைத் தீர்மானிப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கு உண்டு. அது கடன் அறிக்கை தொடர்பானது. ஆனால் இரண்டு வகை அறிக்கைகளையும் ஆளுவது ஒரே சட்டம்தான்.

2011 ஆம் ஆண்டில் சேர்ஜியோ ரமிரெஸ் என்பவர் கலிபோர்னியாவில் மனைவியுடன் கார் வாங்கச் சென்றார். விற்பனை நிலையம் ட்ரான்ஸ்யூனியன் நிறுவனத்திடமிருந்து அவரது கடன் அறிக்கையை எடுத்தது. அமெரிக்கத் திறைசேரி வைத்திருக்கும், பயங்கரவாதிகள், போதைப்பொருள் கடத்தல்காரர்கள் போன்றோரின் பட்டியலில் உள்ள பெயருடன் இவரது பெயர் பொருந்துவதாக அதில் குறிப்பு இருந்தது. கார் விற்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் மனைவியின் பெயரில் வாங்க வேண்டியதாயிற்று. அந்த நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தது முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டுமே. பிறந்த திகதியைக் கூடப் பார்க்கவில்லை.

அவரும் அவரைப் போன்றவர்களுமாக 8,185 பேர் சார்பில் வழக்கு நடந்தது. 2017 இல் நடுவர் சபை 6 கோடி டொலருக்கு மேல் வழங்கத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் அது சுமார் 4 கோடியாகக் குறைந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ஒரு கோடு போட்டது. யாருடைய பிழையான அறிக்கை வெளியாருக்கு அனுப்பப்பட்டதோ, அந்த 1,853 பேருக்குத்தான் நஷ்டஈடு கேட்கும் தகுதி உண்டு. மற்ற 6,332 பேருடைய கோவையில் பிழை இருந்தது உண்மையென்றாலும், அது எவருக்கும் அனுப்பப்படாததால் அவர்களுக்குப் பாதிப்பு ஏற்பட்டதாகக் கொள்ள முடியாது என்றது.

வியாபாரிகள் இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் நேரானது. பிழை கோவைக்குள் தூங்கும்போது நீதிமன்றம் உங்களுக்கு அதிகம் உதவாது. அது வெளியே போன பிறகு காரியம் கெட்டுவிட்டிருக்கும். ஆகவே வெளியே போகுமுன் நீங்களே பார்த்துத் திருத்துவதுதான் இலாபம்.

சட்டம் என்ன உரிமை தருகிறது?

‘நியாயமான கடன் அறிக்கையிடல் சட்டம்’ என்ற அமெரிக்கச் சட்டம் 1970 இல் இயற்றப்பட்டது. பெயரில் கடன் என்று இருந்தாலும் காப்புறுதிக்காக எடுக்கப்படும் அறிக்கைகளும் அதற்குள் வரும். 2003 ஆம் ஆண்டின் திருத்தம் மேலும் சில உரிமைகளைச் சேர்த்தது. முக்கியமானவை இவை.

பார்க்கும் உரிமை: 12 மாதத்துக்கு ஒரு தடவை உங்கள் கோரிக்கை வரலாற்று அறிக்கையை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். கேட்டு 15 நாட்களுக்குள் தர வேண்டும்.

அறிவிக்கப்படும் உரிமை: அறிக்கையைப் பார்த்துவிட்டுக் காப்புறுதியை மறுத்தாலோ, இரத்துச் செய்தாலோ, கட்டணத்தைக் கூட்டினாலோ, நிபந்தனையைக் குறைத்தாலோ நிறுவனம் உங்களுக்கு அதை அறிவிக்க வேண்டும். அறிக்கை தந்த நிறுவனத்தின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் அந்த அறிவித்தலில் இருக்க வேண்டும். அது கிடைத்து 60 நாட்களுக்குள் கேட்டால், வருடத்துக்குரிய பிரதியை ஏற்கெனவே எடுத்திருந்தாலும், இன்னொரு பிரதி இலவசம்.

மறுக்கும் உரிமை: பிழை என்று நீங்கள் அறிவித்தால் அறிக்கை நிறுவனம் இலவசமாக விசாரிக்க வேண்டும். காலம் 30 நாட்கள். இடையில் நீங்கள் புதிய ஆதாரம் கொடுத்தால் மேலும் 15 நாட்கள் எடுக்கலாம். உங்கள் முறைப்பாடு வந்து 5 வேலை நாட்களுக்குள், அந்தத் தகவலைத் தந்த காப்புறுதி நிறுவனத்துக்கு அது அறிவிக்க வேண்டும்.

திருத்தப்படும் உரிமை: விசாரணையில் பிழை என்று தெரிந்தால் மட்டுமல்ல, சரி என்று உறுதிப்படுத்த முடியாவிட்டாலும் அந்தப் பதிவை நீக்க வேண்டும் அல்லது திருத்த வேண்டும். முடிவை எழுத்தில் தர வேண்டும். நீக்கிய பதிவை மீண்டும் சேர்ப்பதென்றால், தகவல் தந்தவர் அது சரியென்று உறுதிப்படுத்த வேண்டும். சேர்த்து 5 வேலை நாட்களுக்குள் உங்களுக்கும் அறிவிக்க வேண்டும்.

விளக்கம் சேர்க்கும் உரிமை: விசாரித்தும் பதிவு நிலைத்தால் உங்கள் தரப்பைச் சுருக்கமாக எழுதிக் கோவையில் சேர்க்கச் சொல்லலாம். அதனை 100 சொற்களுக்குள் வைக்குமாறு நிறுவனம் கேட்கலாம்.

வழக்கிடும் உரிமை: கவனயீனத்தால் சட்டத்தை மீறினால் உண்மையான நட்டத்தைக் கேட்கலாம். வேண்டுமென்றே மீறினால் நட்டத்தை நிரூபிக்க முடியாவிட்டாலும் 100 முதல் 1,000 டொலர் வரை நீதிமன்றம் வழங்கலாம். தண்டனை நஷ்டஈடும் விதிக்கலாம். பிழையை அறிந்த நாளிலிருந்து 2 வருடம், மீறல் நடந்த நாளிலிருந்து 5 வருடம், இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் வழக்கிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இவை அனைத்தும் பிழைக்குத்தான். உண்மையில் நடந்த கோரிக்கை நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை நீக்கச் சொல்ல முடியாது. "காசு தந்தால் எல்லாவற்றையும் அழித்துத் தருகிறோம்" என்று எவரேனும் வந்தால் அவரைக் கடை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நீங்களே இலவசமாகச் செய்யக்கூடியதைத்தான் அவர் விலைக்கு விற்கிறார். அல்லது செய்ய முடியாததைச் செய்வதாகச் சொல்கிறார்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு விவகாரம்

என் மைத்துனரின் மகன் நியூஜேர்சியில் வீடு வைத்திருக்கிறார். சமையலறைக் குழாய் கசிந்து தரைப்பலகை நனைந்தபோது காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். அங்கே ‘டிடக்டிபிள்’ என்று சொல்லப்படும், நாம் இங்கே எக்ஸஸ் என்று சொல்கின்ற, தான் ஏற்க வேண்டிய முதல் தொகையைவிடச் சேதம் குறைவாகவே இருந்தது. ஆகவே கைக்காசிலேயே திருத்திக்கொண்டார். ஒரு சதமும் வாங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினார். கட்டணம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. என்னுடன் பேசும்போது "மாமா, என்னமோ விளம்பரம் மாதிரி ஒரு கடிதம்" என்றார். வாசிக்கச் சொன்னேன். அது விளம்பரமல்ல. மேலே நான் எழுதிய அறிவித்தல். 60 நாள் கணக்கு ஓடத் தொடங்கியிருந்தது.

அறிக்கையை எடுப்பித்தோம். ‘தண்ணீர்ச் சேதம்’ என்று ஒரே திகதியில் இரண்டு பதிவுகள். இரண்டிலும் கொடுத்த தொகை பூச்சியம். பார்ப்பவருக்கு இந்த வீட்டில் தண்ணீர்ப் பிரச்சினை திரும்பத் திரும்ப வருவது போலத் தோன்றும். இரண்டையும் நீக்கச் சொல்லிக் கோபமாக எழுதுவதற்கு அவர் ஆயத்தமானார். நான் தடுத்தேன். "இரண்டாவது பிழை என்பதை நிரூபிக்கலாம். முதலாவது பற்றி என்ன நடந்ததோ அதை மட்டும் எழுது" என்றேன். குழாய் திருத்தியவரின் பற்றுச்சீட்டு, அந்த மாத வங்கிக் கூற்று, பழைய நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல் ஆகிய மூன்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

நாலாவது வாரம் பதில் வந்தது. இரட்டைப் பதிவு நீக்கப்பட்டது. முதலாவது நிலைத்தது. அந்த நிறுவனம் கோவை திறந்தது உண்மை என்று உறுதிப்படுத்திவிட்டது. அதற்குக் கீழே "விசாரித்தேன், பணம் கோரவில்லை, திருத்த வேலை என் செலவில் இன்ன திகதியில் முடிந்தது" என்று விளக்கம் சேர்த்தார். புதிய நிறுவனத்துக்குத் திருத்திய அறிக்கையைக் காட்டி மீண்டும் கணிக்கச் சொன்னார். கட்டணம் குறைந்தது, முழுவதுமாக அல்ல. கேட்டதில் பாதி கிடைத்தது என்று அவருக்குக் கவலை. கேட்காமல் இருந்திருந்தால் ஒன்றுமே கிடைத்திராது என்பது என் கணக்கு.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

1. வீடோ வாகனமோ வாங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அறிக்கையை எடுங்கள். கோரிக்கை எதுவும் பதிவில் இல்லை என்று பதில் வந்தால் அதையும் கோவையில் வையுங்கள்.

2. வீடு வாங்குபவர் அந்த வீட்டின் அறிக்கையைத் தானாக எடுக்க முடியாது. விற்பவரிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் ஏன் என்று கேளுங்கள்.

3. ஒவ்வொரு வரியையும் ஐந்து கேள்விகளால் சோதியுங்கள். ஆள் நானா? இடம் அல்லது வாகனம் என்னுடையதா? திகதி சரியா? வகை சரியா? தொகை சரியா?

4. பிழையை அறிக்கை நிறுவனத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதுங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. காப்புறுதி நிறுவனத்துக்கு மட்டும் எழுதினால், அது சரியாக விசாரிக்கவில்லை என்று பின்னர் இச்சட்டத்தின் கீழ் தனியாள் வழக்கிட இடமில்லை. அறிக்கை நிறுவனத்தின் வழியாக முறைப்பாடு போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பொறுப்பு அதன் தலையில் விழும். ஆகவே அறிக்கை நிறுவனத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

5. கடிதத்தில் கதை வேண்டாம். "பதிவு இலக்கம் இன்னது. அதில் இப்படி எழுதப்பட்டிருக்கிறது. இது பிழை, காரணம் இது. ஆதாரமாக இன்னின்ன பிரதிகளை இணைத்துள்ளேன். நீக்கும்படி அல்லது இவ்வாறு திருத்தும்படி கேட்கிறேன்." இவ்வளவு போதும். போதிய விபரம் இல்லாத முறைப்பாட்டை அற்பமானது என்று தள்ளிவிடச் சட்டத்திலேயே இடமுண்டு.

6. மூலப்பிரதிகளை அனுப்ப வேண்டாம். பிரதிகளை அனுப்பி, கிடைத்ததற்கான தபால் அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசினால் பேசியவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

7. பெயர்க் குழப்பம் என்றால் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயர், பிறந்த திகதி, அந்தக் காலத்தில் வசித்த விலாசம் ஆகிய மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். இனிமேல் எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்தில் எழுதுங்கள்.

8. 30 நாட்கள் கழிந்தும் பதில் இல்லையென்றால் அந்த மாநிலத்தின் காப்புறுதித் திணைக்களத்துக்கு முறையிடலாம். நட்டம் பெரிதென்றால் சட்டத்தரணியைப் பாருங்கள். வழக்கு வென்றால் சட்டத்தரணியின் கட்டணத்தையும் எதிர்த்தரப்பு கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், இவ்வகை வழக்கை எடுக்க முன்வருபவர்கள் அங்கே உண்டு.

கடை நடத்துபவர்களுக்கு வேறு வழி

மேலே சொன்ன உரிமைகள் தனியாளுக்கும் அவருடைய சொந்த, குடும்பத் தேவைக்கான காப்புறுதிக்கும் உரியவை. கடை, களஞ்சியம், வியாபார லொறி என்று கம்பனியின் பெயரில் எடுக்கும் காப்புறுதிக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. அங்கே புதிய நிறுவனம் கேட்பது ‘லொஸ் ரன்’ எனப்படும் கூற்று. பழைய நிறுவனம் அந்தப் பொலிசியில் வந்த கோரிக்கைகள், கொடுத்த பணம், இன்னும் கொடுக்க வேண்டியிருக்கலாம் என்று ஒதுக்கிய தொகை ஆகியவற்றை எழுதித் தருவது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ஒதுக்கிய தொகை. கடையில் ஒருவர் வழுக்கி விழுந்தார் என்று பெரிய தொகையை ஒதுக்கியிருப்பார்கள். பிறகு சிறு தொகையில் விவகாரம் முடிந்திருக்கும். ஆனால் ஒதுக்கீட்டைக் குறைத்து எழுத எவருக்கும் நினைவிராது. புதுப்பிக்கும் திகதிக்கு மூன்று நாலு மாதங்கள் இருக்கும்போதே லொஸ் ரன்னைக் கேட்டு வாங்கி, முடிந்த கோரிக்கைகள் மூடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டொக் எடுப்பதைப் போல வருடத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை இது.

இங்குள்ள நமக்கு என்ன?

இலங்கையில் வாகனக் காப்புறுதியை ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ‘நோ கிளைம் போனஸ்’ பற்றிய உறுதிப்படுத்தலைக் கேட்பார்கள். நமது கோரிக்கை வரலாறு என்பது பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. புதுப்பித்தல் அறிவித்தல் வந்தவுடன் விழுக்காடு சரியா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காசு கட்டுகிறோம். சென்ற வருடம் நீங்கள் கோரிக்கை எதுவும் செய்யவில்லையென்றால், அல்லது பிழை முழுவதும் எதிர்த்தரப்புடையது என்று முடிந்திருந்தால், போனஸ் ஏன் குறைந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, முன்மொழிவுப் படிவம். முகவர் நிரப்பிக்கொண்டு வருகிறார், நாம் நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போடுகிறோம். ‘முன்பு கோரிக்கை செய்ததுண்டா, எங்கேனும் மறுக்கப்பட்டதுண்டா’ என்ற கேள்விகளுக்கு என்ன எழுதப்பட்டது என்று பார்ப்பதில்லை. காப்புறுதி ஒப்பந்தம் முழு நன்னம்பிக்கையின் மேல் நிற்பது. பிழையான விடையில் உங்கள் கையெழுத்து இருந்தால், கடை எரிந்த பிறகு அதைக் காட்டிப் பணம் மறுக்கப்படலாம். படிவத்தின் பிரதியைக் கையோடு வாங்குங்கள்.

முறைப்பாடு என்றால் முதலில் கம்பனிக்கு எழுத்தில். தீராவிட்டால், 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு உண்டு, காப்புறுதி ஒம்புட்ஸ்மன் உண்டு. தனிப்பட்ட தரவுகளைப் பார்க்கவும் திருத்தவும் கேட்கும் உரிமை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.

கடன் விடயத்தில் நமக்கும் ஒரு பொதுக் கொப்பி இருக்கிறது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், அதாவது எல்லோரும் பயத்துடன் சொல்லும் ‘கிரிப்’. அது கறுப்புப் பட்டியல் அல்ல. ஒழுங்காகக் கட்டியதும் அதில் இருக்கும், கட்டாததும் இருக்கும். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். முடித்த லீசிங் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினால், பிணை நின்ற கடன் தீர்ந்தும் நிலுவை என்று இருந்தால், அந்தத் தகவலை அனுப்பிய வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ தீர்த்த கடிதத்துடன் எழுதுங்கள். தகவலைத் தந்தவரே அதைத் திருத்தி அனுப்ப வேண்டும். பருவத்துக்குச் சாமான் இறக்கக் கடன் கேட்டு வங்கியில் உட்கார்ந்திருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பதைவிட, வியாபாரம் மந்தமான மாதத்தில் பார்த்து வைப்பது மேல்.

இவ்வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கோவை எடுத்து அதில் காப்புறுதிப் பொலிசிகள், முன்மொழிவுப் படிவப் பிரதிகள், கோரிக்கைக் கடிதங்கள், கடன் தீர்த்த கடிதங்கள் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்குங்கள். மற்றவர் எழுதும் கொப்பி நம் கையில் இல்லை. அதில் பிழை என்று சொல்ல எழுந்து நிற்கும்போது நம் பக்கம் பேசப்போவது இந்தக் கோவையில் உள்ள தாள்கள்தான்.